மாடி அக்காவும் ஒன்பதாம் படியும்

கதவைத் திறப்பதற்கு முன்னால் அவள் அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போல இருக்கும். பக்கத்திலேயே மீட்டரில் சிவப்பு எண் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே போதும். அவள் அதையும் பார்ப்பாள், கையையும் வைப்பாள்.

"மீட்டர் என்ன சொல்லுதுன்னு தெரியுது அண்ணாச்சி. கதவு என்ன சொல்லுதுன்னும் பாக்கணும்லா" என்பாள்.

பிள்ளைகளே, அது எந்தக் கதவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார்களுக்கு வேண்டிய மின்சாரப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். அங்கே டெஸ்டிங் அறையில் ஒரு சேம்பர் உண்டு. இரண்டு பீரோக்களைச் சேர்த்து வைத்த அளவில் ஓர் இரும்புப் பெட்டி, முன்னால் தடித்த கண்ணாடி வைத்த கதவு. பாகங்களை உள்ளே அடுக்கி மூடினால் உள்ளே குளிரும், பிறகு சூடாகும், மறுபடியும் குளிரும். பனி கொட்டும் ஊரில் ஓடப்போகிற காரில் அந்தப் பாகம் பிழைக்குமா என்று இங்கேயே பார்த்துவிடுவதற்கு அந்த ஏற்பாடு. மைனஸ் நாற்பது டிகிரி வரைக்கும் போகும். தண்ணீர் ஐஸ் ஆவது பூஜ்யத்தில். அதற்கும் கீழே இன்னும் நாற்பது. வெளியே வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இமயமலை.

இதை வைத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். என் மகள் கயல் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், "உலகத்துலயே ரொம்பக் குளுரான எடம் எதுப்பா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை.

"அப்பா கம்பெனிலதான் கீது" என்றேன்.

அவள் அதைப் போய் வகுப்பில் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு நான் 'ஐஸ் அப்பா'. கயலைப் பள்ளியில் விடப் போனால் ஏழெட்டுப் பேர் ஓடி வந்து, ஜில்லென்று இருக்கிறதா என்று என் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். என் கையை யாரும் அப்படி ஆசையாகத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த வருஷம் முழுக்கப் பள்ளி வாசலுக்கு நான் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போனேன்.

அப்போதுதான் அவள் வந்தாள்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தாள். மணிமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தார்கள். மூன்று பேருக்குச் சுங்குவார்சத்திரத்தில் வேலை. இவளுக்கு மட்டும் எங்கள் கம்பெனி, அதிலும் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே சேம்பர். கயல் அவளை 'மாடி அக்கா' என்றாள். அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

அவள் என்னை அண்ணாச்சி என்பாள். அவள் ஊரில் அது பெரிய மரியாதை. எங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரருக்குத்தான் அந்தப் பெயர். லைனில் இருக்கிற பையன்கள் விடுவார்களா? ஷிஃப்ட் மாறும்போதெல்லாம், "இன்னா அண்ணாச்சி, தொவரம்பருப்பு கால் கிலோ கட்டு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மேல் எனக்கு வந்த முதல் எரிச்சல் அது. அது சின்னது.

அவளிடம் ஒரு சொல் இருந்தது. 'தெரியல.' நாமெல்லாம் இந்தச் சொல்லைச் சொல்லும்போது தலையைச் சொறிவோம், குரலைத் தாழ்த்துவோம், இல்லாவிட்டால் கோபப்படுவோம். அவள் 'சாப்பிட்டாச்சு' என்று சொல்வதுபோல நேராகப் பார்த்துச் சொல்வாள். கூடவே, "பாத்துச் சொல்லுதேன்" என்பாள். அதோடு விடமாட்டாள். கேட்டவர் மறந்த பிறகும் வந்து சொல்வாள். போர்வெல்லில் வரும் தண்ணீர் பிடித்தவுடன் தெளிவாக இருந்துவிட்டுக் குடத்தில் ஏன் மஞ்சளாகிறது என்று என் மனைவி எப்போதோ பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, என் மனைவி மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, தண்ணி கேட்டீங்கள்லா? அதுல இரும்பு கரைஞ்சு கெடக்கு. காத்து பட்டதும் துருவா மாறுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவிக்குத் தான் என்ன கேட்டோம் என்பதே நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு அந்தச் சொல் வராது. தெரியாததற்கும் பதில் சொல்லிவிடுவேன். உடனே சொல்வேன்.

ஒருநாள் சேம்பர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை. சூப்பர்வைசர் வந்து ஏன் என்று கேட்டார். "கேஸ் கம்மி சார்" என்றேன் நான், அவர் கேட்டு முடிப்பதற்குள். அவர் அவளைப் பார்த்தார்.

"தெரியல சார். பாத்துச் சொல்லுதேன்."

அவர் சிரித்துவிட்டு கேஸ்காரருக்குப் போன் போட்டார். கேஸ்காரர் குன்றத்தூரிலிருந்து வந்து, அளந்து பார்த்து, குளிரூட்டும் கேஸ் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் அவள் ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி மறுபடி வைத்து மூடி, இழுத்தாள். கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் காகிதம் இறுகிப் பிடித்துக்கொண்டது. கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அங்கே ரப்பரில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. அதன் வழியே வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய், பின்பக்கச் சுருள் குழாயில் பனியாக அப்பிக்கொண்டிருந்தது. ரப்பரை மாற்றி, பனியைக் கரைய விட்டதும் பழையபடி மைனஸ் நாற்பது.

அன்றிலிருந்து சூப்பர்வைசர் எதுவானாலும் அவளிடம்தான் முதலில் கேட்பார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியும் என்று சொன்னவன் நான். என்னைத் தாண்டிப் போய், தெரியல என்று சொன்னவளிடம் கேட்கிறார்கள்.

ஆனால் கம்பெனியில் பட்டது பாதிதான். மீதி வீட்டில் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் கயலும் அவளும்.

"அக்கா, உலகத்துலயே குளுரான எடம் எங்க அப்பா கம்பெனிதான். உனக்குத் தெரியுமா?"

"யாருட்டி சொன்னா?"

"அப்பா."

அவள் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தாள். நான் ட்யூபைத் தண்ணீர் வாளியில் முக்கிக் குமிழி தேடினேன்.

"தெரியலட்டி. பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அவள் சாக்பீஸோடு வந்தாள். எங்கள் மாடிக்குப் பதினாறு படி. கீழ்ப்படியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் எழுதிக்கொண்டே ஏறினாள். கயலையும் கையைப் பிடித்து ஏற்றினாள்.

"ஒரு படி பத்து கிலோமீட்டர்னு வச்சுக்கோ. மழை, மேகம், ஏரோப்ளேன் எல்லாம் இந்த ஒண்ணாம் படிக்குப் பக்கத்துலயே முடிஞ்சிரும். அங்கனயே நல்ல குளிரு. அப்புறம் ஏற ஏறச் சூடாவுது, அஞ்சாம் படி வரைக்கும்."

"ஏன்?"

"அங்கன ஓசோன்னு ஒரு காத்து இருக்கு. வெயிலப் பிடிச்சு வச்சுக்கிடும். அஞ்சு தாண்டினா அதும் கொறைஞ்சு போச்சு. மறுபடி குளிருது. ஆறு, ஏழு, எட்டு." ஒன்பதாம் படியில் சாக்பீஸால் அழுத்தி ஒரு கோடு போட்டாள். "இங்கனதான். மீசோபாஸ்னு பேரு. மைனஸ் நூறுக்கும் கீழ போவுமாம். இந்தப் பூமியோட காத்துலயே இதவிடக் குளிரான எடம் கெடையாது. இதுக்கு மேல ஒரு படி வச்சாச்சுன்னா திரும்பவும் சூடு ஏற ஆரம்பிச்சுரும்."

"மைனஸ் நூறா? அப்பாவோடது?"

"நாப்பது."

கயல் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்போ அப்பா பொய் சொன்னாரா?"

நான் பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"பொய் இல்லட்டி. ஒங்க அப்பா இங்கன இருக்கத வச்சுச் சொன்னாவ. நீ மேலயும் சேத்துக் கேட்டுட்ட. அதும்போக மனுசங்க மிசின் வச்சு இதவிடக் குளிரால்லாம் பண்ணுதாவ. தன்னால இருக்கதுலதான் இது பெருசு. சரியா ஒம்பதுதானான்னா அதுவும் இல்ல. எடத்துக்கு எடம், மாசத்துக்கு மாசம் எட்டரைல இருந்து பத்து வரைக்கும் மாறுமாம்."

"அது ரொம்பத் தூரமா?"

"சுங்குவார்சத்திரத்துல பஸ் ஏறுனா வேலூர் எவ்வளவு தூரம்? அவ்வளவுதான். என்ன, பஸ்ஸு நேரா மேல போவணும்."

என்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள். அது எனக்கு இன்னும் எரிந்தது. அவள் என்னைக் கேலி செய்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபம் ஆறியிருக்கும்.

மறுவாரத்திலிருந்து பள்ளி வாசலில் யாரும் என் கையைத் தொடவில்லை. கயலின் தோழிகள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வரிசையாக ஒன்பதாம் படியில் போய் உட்கார்ந்துகொண்டு பல் தந்தியடிப்பது போல நடுங்குவார்கள். பிறகு பத்தாம் படிக்குத் தாவி "சுடுது, சுடுது" என்று கத்துவார்கள். அந்தப் படிகளுக்குச் சிமெண்டு குழைத்தது நான். மட்டம் பார்த்துப் பூசியது நான். அதில் உட்கார்ந்துகொண்டு, "மாடி அக்கா எப்போ வருவாங்க?" என்று கேட்பார்கள்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? அந்தப் பொண்ணு உன் பொண்ண ஒன்னியும் தூக்கிக்கினு போவல" என்றாள் என் மனைவி.

"நான் இன்னா சொன்னேன்?"

"நீ ஒன்னும் சொல்லல. அதான் பாக்கறேன்."

அவள் எங்கேயாவது தப்பு செய்யமாட்டாளா என்று காத்திருந்தேன். ஒருநாள் அகப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். துருவத்துக்கு மேலே கோடைக்காலத்தில்தான் அந்த இடம் ரொம்பக் குளிரும் என்று கயலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் ஆறு மாதம் சூரியன் மறையவே மறையாத இடத்தில். வெயில் அடிக்க அடிக்கக் குளிருமா? இது எந்த ஊர் நியாயம்? மறுநாள் கேண்டீனில் சாம்பார் சாதத்தை ஒரு கையால் பிசைந்தபடி மறு கையால் போனில் தேடினேன். பக்கத்து வீட்டுப் பையனின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தையும் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த உயரத்துக் காற்றுக்கு 'இடையடுக்கு' என்று அதில் பெயர் இருந்தது. அவளைப் பொய்யாக்குவதற்காக ஒரு வாரம் படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆர்வமாக நான் எதையும் படித்ததில்லை.

அவள் சொன்னது சரி. கோடையில் அங்கே காற்று மேலெழும்புகிறது. மேலே போகப் போக அதை அழுத்த ஆள் இல்லாததால் விரிகிறது. விரிகிற காற்று குளிர்ந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு என் சைக்கிள் ட்யூப் ஞாபகம் வந்தது. வால்வை அழுத்தினால் புஸ் என்று வரும் காற்று விரலில் ஜில்லென்று படுமே, அதேதான். பஞ்சர் ஒட்டிய அன்று அது என் கையிலேயே இருந்தது. இன்னொன்றும் படித்தேன். எரிகற்கள் எரிந்த தூள் அந்த உயரத்தில் மிதக்கும், அதில் ஐஸ் ஒட்டி, சூரியன் இறங்கிய பிறகும் ஒளிரும் மேகங்கள் உண்டாகும். நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. இதைக் கயலிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மாடி அக்கா சொன்னதும் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்றைக்கு மெஷின்களை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். குடும்பத்தை உள்ளே கூட்டிப்போய்க் காட்டலாம். ஆனால் அந்த வருஷம் சேம்பரை நிறுத்த முடியவில்லை. வாடிக்கையாளர் கேட்ட ஒரு டெஸ்ட் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுகளில் மின்சாரமும் ஓடியது. இன்னும் நாலு நாள்தான் பாக்கி. சேம்பர் மட்டும் ஓடட்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியதே அவள்தான். அந்த டெஸ்ட்டுக்கு அவள்தான் பொறுப்பு. அது முடிந்ததும் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது. கதவில் 'திறக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்.

குளிர்ந்து கிடக்கும் சேம்பரை ஏன் திறக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் நாற்பதில் இருக்கும் போர்டின் மேல் நம் ஊர்க் காற்று பட்டால் அந்த நொடியே பனி பூத்துவிடும். அடுத்து சேம்பர் சூடாகும்போது அந்தப் பனி தண்ணீராகும். மின்சாரம் ஓடும் போர்டில் தண்ணீர்.

என் மனைவி சுண்டல் வாங்கக் கேண்டீன் வரிசையில் நின்றாள். நான் கயலை மட்டும் டெஸ்டிங் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வேறு யாரும் இல்லை. சேம்பரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, கதவுப் பிடியில் செவ்வந்திச் சரம். கயல் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே தட்டுகளில் பச்சைப் போர்டுகள். அவ்வளவுதான். குளிர் கண்ணால் பார்க்கிற பொருள் இல்லையே.

"இதுவாப்பா?" என்றாள்.

அந்த 'இதுவா'வை என்னால் பொறுக்க முடியவில்லை. சூடத் தட்டு பக்கத்திலேயே இருந்தது. எல்லா மெஷினுக்கும் உள்ளேயும் சூடம் காட்டுவது வழக்கம்தானே, இதற்கு மட்டும் காட்டாவிட்டால் எப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடத்தைக் கொளுத்தினேன். கதவைத் திறந்தேன்.

வெள்ளைப் புகை மடை உடைந்ததுபோல வழிந்து எங்கள் காலடியில் பரவியது. சூடம் அணைந்துவிட்டது. கண்ணெதிரிலேயே தட்டுகளும் போர்டுகளும் வெளுத்தன, உப்புத் தூவியது போல. கயல் கைகொட்டிச் சிரித்தாள். குனிந்து சேம்பருக்குள் தலையை நீட்டினாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தாள்.

"இப்போ சொல்லு. குளுரு யாரோடது?" என்றேன்.

"உன்னோடதுப்பா" என்றாள். பிறகு நடுங்கிக்கொண்டே, "ஆனா ஒம்பதாம் படி இதவிடக் குளுரு இல்ல?" என்று கேட்டாள்.

கதவை மூடினேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

மறுநாள் போர்டுகள் எல்லாம் செத்துக் கிடந்தன. மூன்று வார வேலை போயிற்று. சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். சேம்பரின் சூடு குளிரை நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு செய்கிற கருவி ஒன்று உண்டு. அந்தத் தாளை மேஜையில் விரித்தார். ஆயுத பூஜையன்று பதினொன்று இருபதுக்குக் கோடு துள்ளி எழுந்திருந்தது.

"கதவு தெறந்திருக்கு. யாரு?"

யாரும் பேசவில்லை. நானும்தான். அவர் அவளைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றாள். எப்போதும் சொல்வது போலவே.

"நீதானே இன்சார்ஜு? தெரியலன்னா இன்னாம்மா அர்த்தம்? உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் நாளைக்கு மேலிடத்துக்குப் போவணும். நான் இன்னான்னு எழுதறது?"

"இரு சார், பாத்துச் சொல்லுதேன்னு சொல்லும்" என்றான் பின்னால் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள். பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு கணம் இனித்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். படப்பை தாண்டியதும் திரும்பினாள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அதிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கனகாம்பரப் பூ. குளிரில் விறைத்து, பிறகு சூட்டில் வறண்டு, காகிதம் போல இருந்தது.

"சேம்பர்ல கீழ்த்தட்டுக்கு அடில கெடந்துச்சு. கயல் தலைல இருந்து விழுந்துட்டு போல" என்றாள்.

நான் பூவை விரல்களால் மூடிக்கொண்டேன். "அப்போ ஏன் தெரியலன்னு சொன்ன?"

"பூவத்தான் அண்ணாச்சி பாத்தேன். தெறந்தத நான் பாக்கல. பாக்காதத எப்படித் தெரியும்னு சொல்ல?"

முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தால், இவளும் என்னைப் போலத்தான் என்று நினைத்திருப்பேன். ஒரு பொய்யும் சொல்லாமல், தனக்குத் தெரிந்தது எதுவோ அந்த அளவிலேயே நின்றுகொண்டாள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் கயல் ஒன்பதாம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாடி அறைப் பெண்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"அப்பா, அக்காவுக்கு வேல இல்லாம பூடுமா?"

"யாரு சொன்னா?"

"கதவ யாரு தெறந்தாங்கன்னு அக்காவுக்குத் தெரியலயாம்." கயல் என் முகத்தைப் பார்த்தாள். "நமக்குத் தெரியும் இல்லப்பா?"

நமக்கு என்றாள். உனக்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் மணி அடிப்பதற்குள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். "நான்தான் சார் தெறந்தேன்" என்றேன். ஏன் என்று கேட்டார். சூடம் காட்ட என்று சொல்லியிருக்கலாம், அவர் பக்திமான், பாதி மன்னித்திருப்பார். "என் பொண்ணுக்குக் காட்டறதுக்கு" என்றேன். அந்த வாரமே என்னைச் சேம்பரிலிருந்து எடுத்து, வரும் சரக்கைப் பிரித்துச் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அவளுக்கு வேலை நிரந்தரமானது. டெஸ்ட்டை முதலிலிருந்து அவளே ஓட்டி முடித்தாள்.

உண்மையைச் சொன்னதும் பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. போகவில்லை. டெஸ்டிங் அறையைத் தாண்டி டீக்குப் போகும்போது, அவள் கண்ணாடியில் கையை வைத்து நிற்பது தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். இரண்டு வருஷம் கழித்து அவள் ஓசூரில் பெரிய கம்பெனிக்கு மாறிப் போனாள். பெட்டியோடு படியிறங்கும்போது ஒன்பதாம் படியில் நின்று, "அங்கன சேம்பர் மைனஸ் எழுவது வரைக்கும் போவுமாம் அண்ணாச்சி. அப்பவும் இது வரைக்கும் வராது" என்று காலால் தட்டிக் காட்டினாள். கயல் அழுதாள். நான் பெட்டியைப் பஸ் ஸ்டாப் வரை தூக்கிப் போனேன். வேகமாகவே நடந்தேன்.

இப்போது கயல் ஒன்பதாவது. அந்தப் பாடம் அவளுக்கே வந்துவிட்டது. போன வியாழக்கிழமை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, கரியமில வாயு அதிகமாகி பூமி சூடாவுதுன்னு சொல்றாங்க. ஆனா மேல, அந்தக் குளுரான எடம் இன்னும் குளுராயிக்கினே வருதாம். ஒரே வாயு கீழ சூடாக்குது, மேல மட்டும் எப்படிப்பா குளுராக்கும்?"

பழைய நானாக இருந்தால் அவள் மூச்சு விடுவதற்குள் ஒரு பதில் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாகப் பழகிப் பழகி அந்தச் சொல்லை வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறேன். சொன்னேன். தலையைச் சொறியாமல், நேராகப் பார்த்து.

"தெரியலமா. பாத்துச் சொல்றேன்."

கயல் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே மாடி அக்கா மாதிரி சொல்றப்பா" என்றாள்.

இதையாவது என்னுடையது என்று சொல்லக் கூடாதா?

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டீ நேரத்தில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், சாயங்காலம் படியில் உட்கார்ந்து கொஞ்சம். அங்கே காற்று ரொம்ப மெலிசு. அதனால் அந்த வாயு சூட்டைப் பிடித்து வைக்காமல் வெளியே வானத்துக்கு வீசிவிடுகிறது என்பது வரைக்கும் புரிந்திருக்கிறது. கீழே போர்வை, மேலே விசிறி. இன்னும் ஒரு பக்கம் பாக்கி. நாளைக்குச் சொல்லிவிடுவேன். கயலின் போனில் அந்த அக்காவின் நம்பர் இருக்கிறது. அதற்குள் கயல் அவளிடம் கேட்டுவிடக் கூடாது.